சோற்றைப் பற்றிப் பேசாத பயணி

காணாமல் போனவர்களைத் தேடுவது ரெமிஜியஸுக்குப் புதிதன்று. ஆனால், காணாமல் போனதாகச் சொல்லப்படும் ஒருவர் நாள் தவறாமல் ஒரு புகைப்படத்தை வெளியிட்டுக்கொண்டிருப்பது, அவருடைய பதினோரு ஆண்டுத் துப்பறியும் தொழிலில் இதுவே முதல் முறை.

செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சாவூர் கீழவாசலில் பாத்திரக்கடை ஒன்றின் மாடியிலிருந்த அவருடைய அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். முப்பது வயதிருக்கும். இடப் புருவத்தை ஒரு பழைய தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. பெயர் பகலவன் என்றார். குடவாசல் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் தம்முடைய அத்தை ராசம்மாளைத் தேடித்தர வேண்டும் என்றார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. ராசம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது. மணம் செய்துகொள்ளாதவர். குடவாசல், திருவிடைமருதூர், குத்தாலம் என மூன்று இடங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற செவ்வாய் மாலை எர்ணாகுளம் ரயிலில் தனியாக ஏறிப் போனார். கொச்சித் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. புதன்கிழமையிலிருந்து அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாளுக்கொரு கொச்சிப் படம் வருகிறது. ஆனால் அழைத்தால் எடுப்பதில்லை. நண்பர்கள் இருவர் கொச்சிக்கே போய் மூன்று நாள் லாட்ஜ் லாட்ஜாக விசாரித்தும் அப்படி ஒருவர் தங்கிய சுவடில்லை. கைப்பேசி வேறு யாரிடமோ சிக்கியிருக்கிறது, அத்தை உயிரோடு இருக்கிறாரா என்பதே ஐயம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சாகணும் சார். அன்னைக்கு வீட்ல ஒரு விசேஷம்” என்று சொல்லி, ஏழு படங்களின் நகல்களை மேசைமேல் வைத்துவிட்டு, தாம் கும்பகோணத்தில் காத்திருப்பதாகக் கூறிப் போனார்.

ரெமிஜியஸ் முன்பு பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். வெள்ளத்தில் அழுகிய வயலையும், அழுகியதாகக் காட்டப்படும் வயலையும் வரப்பில் நின்றபடியே பிரித்தறியும் கண் அவருக்கு உண்டு. அவருடைய உதவியாளர் ஷிஃபா இருபத்தாறு வயதுப் பெண். அலுவலகக் கடிதங்களைத் தட்டச்சு செய்யச் சேர்ந்தவர். முதலாளியின் முடிவுகளைத் திருத்தும் பணியைத் தாமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

இருவரும் படங்களை நாள்வரிசையில் பரப்பினர். முதல் நாள், எர்ணாகுளம் படகுத்துறை. இரண்டாம் நாள், கடலோரத்துச் சீன வலைகள். பிறகு மட்டாஞ்சேரி அரண்மனை வாசல், கட்டடம் போல் உயர்ந்து நிற்கும் ஒரு சரக்குக் கப்பல், மிளகு மூட்டைகள் அடுக்கிய கடைத்தெரு, கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் மாலைச் சூரியன். ஆறு படங்களிலும் ராசம்மாள் தாமே கையை நீட்டி எடுத்துக்கொண்ட முகம். தனியாக ஊர் சுற்றும் பெண்ணின் சற்றுக் கூசிய சிரிப்பு. ஏழாம் படத்தில் மட்டும் ஆளில்லை. அன்று காலை வந்த அந்தப் படத்தில், சன்னல் கம்பிகளுக்கு அப்பால் மழையும் சாம்பல்நிற நீர்ப்பரப்பும் மட்டுமே தெரிந்தன.

ஷிஃபாதான் முதலில் வாய் திறந்தார்.

“ஆறு படத்துலயும் சேலை வேற வேற சார். பூ மட்டும் ஒண்ணுதான்.”

“கனகாம்பரம் தினமும் வாங்கியிருக்கலாமே.”

“ஒரே சரம் சார். காதுக்கு மேல ஒரு இடத்துல கண்ணி விட்டு நார் தெரியுது பாருங்க. ஆறு படத்துலயும் அதே இடம். ஆறு நாள் வாடாத கனகாம்பரம் எங்க கிடைக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க, எங்கம்மா மொத்தமா வாங்குவாங்க.”

ரெமிஜியஸ் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். மறுக்க இடமில்லை. ஆறு நாள் என்று காட்டப்பட்டது ஒரே நாள். அந்த ஒரு நாளில் அம்மையார் துறைமுக நகரம் முழுவதையும் ஓடி ஓடிப் பார்த்து, ஆங்காங்கே சேலை மாற்றிக்கொண்டு, ஒரு வாரத்துக்கான காட்சிகளைச் சேகரித்திருக்கிறார். அப்படியானால் மிச்ச நாள்களில் அவர் எங்கே?

அதற்கு விடை படங்களில் இல்லை, படங்களின் கீழே எழுதப்பட்டவற்றில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், எழுதப்படாததில் இருந்தது. முதல் நாள் ராசம்மாள் எழுதியிருந்தார்: ‘போட்டு சவாரி நல்லா இருக்கு. சோறுதான் செவப்பா கொட்டை கொட்டையா இருக்கு. மென்னு முழுங்கறதுக்குள்ள தாடை வலிக்குது.’ அதற்குப் பிறகு வலையைப் பற்றி எழுதினார், கப்பலைப் பற்றி எழுதினார், மிளகின் மணத்தைப் பற்றிக்கூட எழுதினார். சோற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

“பழகியிருக்கும் சார்” என்றார் ஷிஃபா.

“நம்ம பக்கத்து ஆளுங்களுக்கா? கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளை பேரை மறந்திருவாங்க. பந்தியில சோறு குழைஞ்சிருந்ததைப் பத்து வருஷம் கழிச்சும் சொல்லுவாங்க. ஏழு நாள் கொச்சியில சாப்பிட்டவங்க ஒரே நாளோட குறையை நிறுத்த மாட்டாங்க. ரெண்டாம் நாள்லேர்ந்து அவங்க நம்ம ஊர்ச் சோறுதான் சாப்பிடறாங்க.”

எஞ்சியது மழைப் படம். ‘கொச்சியில் மழை. காயல் மிகவும் அழகாக இருக்கிறது’ என்று அதன்கீழ் இருந்தது. நீரின்மேல் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள். ஆகாயத்தாமரை என்றார் ஷிஃபா. ரெமிஜியஸ் நெடுநேரம் பார்த்தார். புள்ளிகள் கோணலாகத்தான் கிடந்தன. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய ஒரே இடைவெளி. கரையிலிருந்து ஓர் ஆள் கைவீச்சுக்கு எறிந்தால் விழும் தூரம். மிதக்கும் செடி அப்படி அளவெடுத்து நிற்காது.

“இது நாற்று முடி” என்றார். பறித்த நாற்றைக் கட்டுக் கட்டாக முடிந்து, நடவுப் பெண்களின் கைக்கு எட்டும்படி சேற்றில் வீசிவைப்பது வழக்கம். அடுத்தவர் காயல் என்று கடந்துபோகக்கூடிய அது, நீர் கட்டிய நடவு வயல்.

மேற்கொண்டு இரண்டு தொலைபேசி அழைப்புகளே தேவைப்பட்டன. ராசம்மாள் வேலை பார்த்த மூன்று ஊர்களில், குடவாசல் பக்கம் இவ்வாண்டு பெரும்பாலும் நேரடி விதைப்பு. திருவிடைமருதூர் பக்கம் எந்திர நடவு. இரண்டிலும் நாற்று முடிக்கு வேலையில்லை. குத்தாலத்தில் விதைக்கடை வைத்திருக்கும் வைத்தியலிங்கம், கைநடவு தங்கள் பக்கம் மும்முரம் என்றார். மூடிக்கிடக்கும் பழைய துணை சுகாதார நிலையத்தைச் சுற்றியுள்ள வயல்களில் காலையிலிருந்து ஆள் இறங்கியிருப்பதாகவும் சொன்னார். அந்த நிலையத்துக்குப் பின்னால் செவிலியர் குடியிருப்பு ஒன்று உண்டு.

பத்து நிமிடத்தில் கார் கும்பகோணச் சாலையில் இருந்தது.

ஆடுதுறையைத் தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருந்த வேளையில் ரெமிஜியஸ் தம்மை அமர்த்திய இளைஞரை அழைத்தார். கண்டறிந்ததைச் சொல்வதில் அவருக்கு ஓர் இன்பம் உண்டு. அன்று அதைச் சற்று விரிவாகவே அனுபவித்தார். சோற்றின் மௌனத்தை விளக்கினார். நாற்று முடியை விளக்கினார். குடியிருப்பு இருக்கும் இடத்தையும் சொன்னார். மறுமுனை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது. பிறகு, தாம் உடனே கிளம்பி வருவதாகச் சொல்லித் துண்டித்தது.

“என்ன கேட்டார் சார்?”

“கூட யார் இருக்காங்கன்னு கேட்டார்.”

ஷிஃபா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

“அத்தை நல்லா இருக்காங்களான்னு கேக்கலயா?”

“இல்ல.”

ஷிஃபா நகல்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எல்லாவற்றின் அடியிலும், பதில் எழுதுவதற்கான அந்த மெல்லிய பட்டை தெரிந்தது. “ஏழும் ஸ்டேட்டஸ்தான் சார். நம்பர் இருந்தா பால்காரர்கூடப் பாக்கலாம். கூடப் பொறந்தவர் மகனுக்குத் தனியா ஒரு படம் அனுப்பலயா? ஒரு குட் மார்னிங்கூடவா இல்ல? எங்க அத்தை எனக்கு ஒரு நாளைக்கு நாலு ரோஜாப்பூ அனுப்புவாங்க. நான் கெஞ்சினாலும் நிறுத்த மாட்டாங்க.”

கேட் திறந்தது. ரெமிஜியஸ் அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினார். கும்பகோணத்திலிருந்து குத்தாலத்துக்கு நாற்பது நிமிடம். தமக்கு இருப்பது இருபத்தைந்து நிமிட முன்னிலை. அது எதற்கான முன்னிலை என்பதை எண்ணும்போது அவர் இன்னும் வேகம் கூட்டினார்.

பிரதான சாலையிலிருந்து வாய்க்கால் கரையோரமாக ஒரு மண்பாதை உள்ளே போயிற்று. ஒரு கார் போகலாம்; எதிரே மற்றொன்று வந்தால் இரண்டில் ஒன்று பின்னோக்கித்தான் நகர வேண்டும். பாதையின் முடிவில் குடியிருப்பு. வயலில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். தூறல் விட்டிருக்கவில்லை.

கதவைத் திறந்தவர் படங்களில் கண்ட அதே முகம். சிரிப்பு மட்டும் இல்லை.

“யார் அனுப்பினது?”

“உங்க அண்ணன் மகன் பகலவன்” என்றார் ரெமிஜியஸ்.

ராசம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, திரும்பாமலேயே உள்நோக்கிக் குரல் கொடுத்தார்.

“பகலவா, இங்க வா. நீ ஆள் அனுப்பினியாமே.”

உள்ளேயிருந்து வந்தவர் மெலிந்த ஓர் இளைஞர். அவருடைய புருவத்தில் தழும்பில்லை. பின்னாலேயே ஒரு பெண் வந்து, கதவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். ரெமிஜியஸ் எதுவும் கேட்கும் முன்பே அவள் தன் இடப் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்க தழும்பு இருந்துச்சா?”

“இருந்தது.”

“எங்கண்ணன் கிளாட்சன்” என்றாள் அவள்.

அவள் பெயர் சான்ட்ரா. நடந்தவற்றைப் பிறகு ராசம்மாள் ஐந்து வாக்கியங்களில் சொன்னார். நோயாளியின் நிலையை மருத்துவருக்குச் சொல்லிப் பழகியவரின் சிக்கனம் அதில் இருந்தது. சான்ட்ராவும் பகலவனும் மணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். மதம் வேறு என்பதால் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அது வெள்ளிக்கிழமை முடிகிறது. மதத்தைக்கூட அவள் வீட்டார் பொறுத்திருப்பார்கள், பகலவனின் தெருவைத்தான் பொறுக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போனபோது அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி, அந்த அண்ணனையே வரவழைத்தார்கள்.

“அன்னைக்கு என் முன்னாடியே சொன்னான். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடக் கை இருந்தாத்தானேன்னு” என்றார் ராசம்மாள். “பொண்ணு என்கூடத்தான் இருக்கான்னு அவனுக்குத் தெரியும். அதான் என்னைக் கொச்சியில காட்டினேன். ஆளுங்க அங்க தேடிக்கிட்டு இருக்கட்டும்னு. நீங்க எதை வெச்சுங்க கண்டுபிடிச்சீங்க?”

ரெமிஜியஸ் சொன்னார். இம்முறை சுருக்கமாக. சான்ட்ராவின் கண்கள் நிறைந்தன. காலையில் மழைப் படத்தைப் போட்டவள் அவள்தான். கொச்சியில் மழை என்று செய்தியில் பார்த்தாளாம். நகரத்தில் வளர்ந்தவளுக்குச் சன்னலுக்கு வெளியே தெரிந்தது வெறும் தண்ணீர். ராசம்மாள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ரெமிஜியஸைத்தான் பார்த்தார்.

“இதையெல்லாம் அவன்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

தம் அறிவு இவ்வளவு அருவருப்பாக ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் பதினைந்து கழிந்திருந்தது. வெளியேற இருப்பது அந்த ஒரே பாதை. இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பாதையின் நடுவிலேயே எதிர்கொள்ள நேரும். வயல்வழி ஓடினால் நடவுச் சேறு முழங்கால் வரை இழுக்கும்.

ஷிஃபா மெதுவாகக் கேட்டார். “அத்தை, அன்னைக்கு எடுத்ததுல போடாத படம் ஏதாவது மிச்சம் இருக்கா?”

ஒன்றே ஒன்று இருந்தது. கொச்சி உணவகத்தில் அன்று இரவு எடுத்தது. முன்னால் தட்டு நிறையச் சிவந்த குண்டரிசிச் சோறு. தட்டுக்கு மேலே, ஒரு கவளத்தை வாயில் வைத்துவிட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கோணிய ராசம்மாளின் முகம். மேசைமேல் உணவகத்தின் பெயர் அச்சிட்ட விலைப்பட்டியல். அழகாக இல்லையென்று அவர் ஒதுக்கிவைத்த படம்.

ஷிஃபா சொன்னபடி ராசம்மாள் எழுதினார்: ‘ஏழு நாளாச்சு. இந்தச் சோத்தோட இன்னும் மல்லுக்கட்டுறேன். ஊருக்கு வந்து ஒரு வாய் நல்ல சோறு தின்னாத்தான் உசிர் வரும்.’ படம் ஸ்டேட்டஸில் ஏறியது.

ரெமிஜியஸ் கிளாட்சனை அழைத்தார். குரலில் களைப்பை வரவழைக்கத் தேவையிருக்கவில்லை.

“தம்பி, நான் அந்த வாசல்லதான் நிக்கிறேன். பூட்டிக் கிடக்கு. ஆடு கட்டியிருக்காங்க. என் கணக்கு தப்பு. இப்பதான் புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க, பாருங்க. ஓட்டல் பேரே தெரியுது. அவங்க கொச்சியிலதான் இருக்காங்க.”

மறுமுனையில் காரின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

சன்னல் வழியே மண்பாதை தெரிந்தது. சில நிமிடங்களில் வெள்ளைநிறக் கார் ஒன்று திரும்பி உள்ளே நுழைந்தது. பாதி தூரம் வந்து, வாய்க்கால் மதகருகே நின்றது. நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பகலவன் சான்ட்ராவின் முன்னால் போய் நின்றுகொண்டார். காருக்குள் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு உன்னிப்பாக என்பதே கேள்வி.

ரெமிஜியஸ் திடீரென்று சன்னலை விட்டு விலகினார். “ஷிஃபா, அந்தப் படத்துலயும் தலையில அதே பூதானே?”

“அதேதான். நாரு தெரியுற அதே சரம்.” ஷிஃபாவின் குரல் காற்றாய் வந்தது. “போன்ல பூவைப் பத்தி அவன்கிட்ட சொன்னீங்களா சார்?”

ரெமிஜியஸ் நினைவுகூர்ந்தார். சோற்றைச் சொன்னார். நாற்றைச் சொன்னார். தாம் கண்டுபிடித்த இரண்டையும் விரிவாகச் சொன்னார்.

“சொல்லல” என்றார்.

“நான் கண்டுபிடிச்சதுங்கிறதால.”

அவர் மீண்டும் சன்னலருகே போனார்.

வெள்ளைக் கார் அசைந்தது. முன்னோக்கி அன்று. மழையில் வழுக்கியபடி, அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கிப் பிரதான சாலையை அடைந்து மேற்கே திரும்பியது.

“வேலையில சேர்ந்ததுலேர்ந்து என் பேரை நீங்க எங்கயும் சொன்னதில்ல சார். இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு நன்றி சொல்லத் தோணுது” என்றார் ஷிஃபா. சிரிக்க முயன்றார், முடியவில்லை.

ரெமிஜியஸின் கைப்பேசியில் ஒரு செய்தி விழுந்தது. ‘ஓட்டல் பேர் கிடைச்சிருச்சு. நானே கிளம்புறேன். நீங்களும் தேடுறதை நிறுத்தாதீங்க.’

சான்ட்ராவையும் பகலவனையும் ஷிஃபாவின் வீட்டில் வெள்ளி வரை வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. காரில் ஏறச் சொன்னபோது ராசம்மாள் மட்டும் வரவில்லை. உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்து, கட்டிலின்மேல் வைத்துத் திறந்தார்.

“படம் தீர்ந்துபோச்சு. புதன், வியாழன், வெள்ளி. மூணு நாளைக்கு என்ன போடுறது? சாயங்கால வண்டியைப் பிடிச்சா காலையில கொச்சி.”

“அவன் அங்கதான் வர்றான்” என்றார் ரெமிஜியஸ்.

“வரட்டுமே. அவன் அங்க வந்தாத்தான் இங்க இருக்க மாட்டான்.” அவர் சேலைகளை மடித்து வைத்தார். “போன தடவை ஒரே ஓட்டமா ஓடினேன். அந்த வலை தண்ணிக்குள்ள இறங்கி ஏறுறதை முழுசா நின்னு பாக்கல. இந்தத் தடவை பாக்குறேன்.”

தனியாகப் போக வேண்டாம் என்று பகலவன் சொன்னார். அதற்கு அவர் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்த அரிசிப் பானையைத் திறந்து, ஒரு படி அளந்து துணியில் முடிந்து, பையில் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

ரெமிஜியஸ் தடுப்பதற்கான ஒரு சொல்லைத் தேடினார். அந்த வீட்டில் அவருக்கு அந்த உரிமை மிச்சமிருக்கவில்லை.

ஷிஃபாதான் வாசற்படியில் நின்று திரும்பினார்.

“அத்தை, பூவை மட்டும் தினமும் மாத்திடுங்க.”